புள்ளி விழாத விசைப்பலகை

தமிழெழுத்திற் புள்ளிக்குரிய இடம் மிகப் பழையது. புள்ளி பெற்று நிற்றல் மெய்யெழுத்தின் இயல்பு என்று தொல்காப்பியர் நூன்மரபில் வகுத்தார். எகர ஒகரக் குறில்களுக்கும் அவ்வியல்பையே விதித்தார். ஆயினும் இலக்கணம் விதித்ததை ஏடெழுதியோர் பெரும்பாலுங் கைக்கொள்ளவில்லை. எழுத்தாணியாற் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்ற அச்சத்தை ஒரு காரணமாகச் சொல்வர். படிப்பவன் தமிழறிந்தவனாதலால் புள்ளியைத் தானே இட்டு வாசித்துக்கொள்வான் என்ற நம்பிக்கையும் மற்றொரு காரணமாயிருத்தல் கூடும். இதனால் வந்த தொல்லை பிற்காலத்துப் பதிப்பாசிரியர் தலையில் விழுந்தது. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887ஆம் ஆண்டிற் கலித்தொகையை அச்சேற்றியபோது, செல்லரித்த ஏடுகளோடு போராடியதன்றி, இது மெய்யா உயிர்மெய்யா, குறிலா நெடிலா என்ற ஐயங்களோடும் போராடவேண்டியிருந்தது.

பதிப்பு வரலாறு கற்கும் எம்போன்ற மாணவர்க்கு இவை தேர்வுக்குரிய செய்திகள். எனக்கும் 2022ஆம் ஆண்டு வரை அவ்வளவே. அவ்வாண்டின் நடுப்பகுதியிற் பளையில் எங்கள் வீட்டு மடிக்கணினியின் விசைப்பலகை புள்ளியிடுவதை நிறுத்திக்கொண்டது.

பளையை யாழ்ப்பாணத்து நண்பர்கள் பலரும் புகையிரத யன்னலூடாகவே கண்டிருப்பர். ஆனையிறவைக் கடந்ததும் இருமருங்கும் தென்னைகள் தொடங்கும். அத்தென்னைகளின் நடுவே ஒரு நிலையம். 1990இல் நின்றுபோன வண்டி 2014ஆம் ஆண்டு மார்ச் மாதம் 4ஆந் திகதி பளைவரை மீண்டும் வந்தது. அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்தில் யாழ்ப்பாணம் வரை நீண்டது. இடைப்பட்ட ஏழு மாதங்களுக்கு வடக்கு நோக்கிய பாதையின் கடைசி நிலையம் எங்களூரே. தலைநகர் வண்டி எங்கள் வாசலில் வந்து திரும்பிப்போன அந்தப் பெருமையை ஊரவர் இன்றும் சொல்லிக்கொள்வர். அதே ஆண்டில் எழுந்த காற்றாலைகள் புலோப்பளைப் பக்கமாகச் சுழல்வதையும் வண்டியிலிருந்தே காணலாம்.

பச்சிலைப்பள்ளிப் பிரதேசத்துக் காணிப் பெயர்கள் என்பது எனது சிறப்புப் பட்ட ஆய்வின் பொருள். எங்கள் பகுதியில் ஒவ்வொரு காணித்துண்டிற்கும் ஒரு பெயருண்டு. உறுதியில் அப்பெயரும் பரப்பும் குழியும் எல்லைகளும் எழுதப்பட்டிருக்கும். ஊர்ப்பெயர்களை அரசாங்கப் படத்திற் பார்த்துக்கொள்ளலாம். காணிப்பெயர்கள் உறுதிகளிலும் முதியோர் நினைவிலுமே வாழ்வன. எங்கள் உறுதிகள் இடப்பெயர்வுகளிற் போய்விட்டன. 2000ஆம் ஆண்டிற் போர் இத்தாவிலையும் முகமாலையையும் சூழ்ந்தபோது அம்மம்மாவின் வீடு வெறுங்கையோடு எழுந்தது. 2009இல் இரண்டாம் முறையும் அவ்வாறே. மீள்குடியேற்றத்தின் பின்னரும் வேம்பொடுகேணிப் பக்கத்துக் காணிகளுக்குள் நெடுங்காலம் எவராலும் கால்வைக்க முடியவில்லை. அங்கே கண்ணிவெடிகள் இருந்தன. ஆகவே அக்காணிகளின் பெயர்களுக்கு அம்மம்மாவின் நினைவொன்றே உறுதி என்ற நிலை எனக்கு வாய்த்தது.

அம்மம்மா பகலிற் பேசமாட்டார். பகல் அவருக்கு வேலைக்குரியது. இரவிலே திண்ணையிற் சாய்ந்திருந்து, மேற்கேயிருந்து கிழக்காக, ஒரு வேலியிலிருந்து மறுவேலிக்கு நடப்பது போல ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டு வருவார். அலைபேசியை முன்னே வைத்து ஒலிப்பதிவு செய்ய முயன்றால் வாயை மூடிக்கொள்வார். பதிவுகள் பலவற்றுக்குப் பெயர் கொடுத்த தலைமுறை அது; காரணத்தை நான் வற்புறுத்திக் கேட்டதில்லை. 2022ஆம் ஆண்டின் மின்வெட்டை வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெயும் கிடைக்கவில்லை. கையெழுத்தில் எழுத விளக்கு வேண்டும். மடிக்கணினிக்கோ அதன் திரையே விளக்கு. ஆகவே அவர் சொல்லச் சொல்லத் தட்டச்சிலேயே எழுதிக்கொண்டேன்.

நான் பயன்படுத்துவது பாமினி விசையமைப்பு. யாழ்ப்பாணத்து அச்சகங்களிலும் தட்டச்சுக் கடைகளிலும் அதுவே நெடுங்காலம் ஆட்சி செய்தது. பழைய தமிழ்த் தட்டச்சுப் பொறியின் இடவொழுங்கை அது பெரும்பாலுந் தழுவியது. ஆங்கில ‘பி’ விசையில் இகரக் குறி. மேல்விசையோடு சேர்த்து அழுத்தினால் ஈகாரக் குறி. அதற்குக் கீழே, அரைப்புள்ளி விசையில், நமது மெய்ப்புள்ளி. வைகாசியில் ஓரிரவு இவ்விரண்டு விசைகளும் விட்டுவிட்டு வேலை செய்தன. ஆனி பிறந்தபோது முற்றாக ஓய்ந்தன. இவற்றோடு சுழி இலக்கமும் சாய்கோட்டு விசையும் ஓய்ந்தன.

விளைவைக் கற்பனை செய்து பார்க்க. ‘தமிழ்’ என்று தட்டினால் ‘தமழ’ என விழுந்தது. பச்சிலைப்பள்ளி ‘பசசலைபபளள’ ஆயிற்று. கிளாலி ‘களால’, இயக்கச்சி ‘இயககசச’, ஆனையிறவு ‘ஆனையறவு’, வேம்பொடுகேணி ‘வேமபொடுகேண’. அம்மம்மா என்று எழுதினால் நான்கு மகரங்கள் வரிசையாக நின்று விழித்தன. முகமாலைக்கு மட்டும் ஒன்றும் நேரவில்லை. பளைக்கும் ஒன்றும் நேரவில்லை. அப்பெயர்களிற் புள்ளியுமில்லை, இகரமுமில்லை. முல்லையடியில் ‘டி’ தப்பிக்கொண்டது. பாமினியில் டிகரத்திற்குத் தனிவிசை உண்டு. எழுத்துக்களுக்கு நேர்ந்ததை வேடிக்கையாகவேனும் பார்க்கலாம். ஆண்டுகளுக்கு நேர்ந்ததே எனக்குப் பெருந்துன்பமாயிருந்தது. வண்டி நின்ற 1990 என்பது 199 ஆயிற்று. 2009 வெறும் 29 ஆயிற்று. ஊரே எழுந்து நடந்த 2000ஆம் ஆண்டு ஒற்றை 2 ஆகத் திரையிற் கிடந்தது.

விசைப்பலகை இவ்வாறிருக்கத் தொடுபலகையும் தன் பங்கைச் செய்தது. விரலை வைத்தால் திரைச்சுட்டி வேறெங்கோ பாய்ந்தது. சிலவேளை விரல் படாமலே நடந்தது. அழுத்தினால் ‘டிக்’ என்று இறங்கவேண்டிய பலகை கல்லாய் இறுகியிருந்தது. காலையில் ஓரளவு அடங்கியிருக்கும். தகரக் கூரை காய்ந்த பிற்பகலில் வெறிகொள்ளும். எங்கள் ஊர்ப் பேய்க்கதைகள் பலவற்றுக்கு இதைவிடக் குறைந்த ஆதாரமே உண்டு.

யாழ்ப்பாணத்தில் ஒரு பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டுசென்றேன். எரிபொருள் அத்தியாவசிய சேவைகளுக்கு மாத்திரம் என்று அறிவிக்கப்பட்ட ஆனி மாத இறுதி அது. பேருந்துகள் அரிதாகிப் புகையிரதமே கதியென்றிருந்த நாட்கள். கடைக்காரர் மூடியைத் திறவாமலே, இரண்டும் ஒருமிக்கப் பழுதானமையால் தாய்ப்பலகை போய்விட்டது என்றார். அவர் கேட்ட தொகை எனது தந்தையாரின் இரண்டு மாத வருமானம். ரூபாவின் மதிப்பு சில வாரங்களுக்குள் வீழ்ந்து, இருநூறு ரூபாவுக்கு நின்ற டொலர் முந்நூற்றறுபதைத் தொட்டிருந்த காலம் அது; இறக்குமதிப் பொருளின் விலையை எவரும் குறைகூற இயலாது. ஆயினும் திறவாமலே தீர்ப்புச் சொன்னமை என் மனத்திற்கு உடன்பாடாகவில்லை. கணினியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வண்டியில் ஊர் திரும்பினேன்.

எங்கள் பெரியப்பா 1980களிற் சாவகச்சேரியில் ஒரு தட்டச்சுப் பயிற்சிக்கூடத்திற் கற்பித்தவர். பொறிகளைக் கழற்றிப் பூட்டவும் வல்லவர். கணினியை அவர் தொட்டதில்லை. கதையைக் கேட்டதும் பொறியைக் கேளாமல் ஒரு தாளைக் கேட்டார்.

“எந்தெந்த எழுத்து விழேல்லையெண்டு ஒண்டும் விடாமல் எழுது பிள்ளை. விழுறதையும் எழுது.”

எழுதிக் கொடுத்தேன். அவர் தமது வலக்கையை மேசைமேல் வைத்து, விரல்களை மடக்கி, கண்ணை மூடிச் சிறிது நேரம் தாளம் போட்டார். பிறகு சிரித்தார்.

“இது நாலும் ஒரே விரல். வலக்கைச் சின்ன விரல். அந்த நிரை முழுக்கப் போட்டுது. ஒரு நிரை மட்டும் போனால், போனது அந்த நிரையிலை எங்கையோ ஒரு இடம். உவன் என்னெண்டு முழுப் பொறியும் போட்டுதெண்டு சொல்லுவான்?”

நாற்பது ஆண்டுகளுக்கு முந்திய இரும்புப் பொறியின் அனுபவங்கொண்டு அவர் சொன்னது புதிய பொறிக்கும் பொருந்தியமை எவ்வாறு என்பதைப் பின்னர் படித்தறிந்தேன். மடிக்கணினியின் எண்பது, தொண்ணூறு விசைகளுக்கும் தனித்தனிக் கம்பி இழுப்பதில்லை. பெரும்பாலும் எட்டுக் குறுக்குக் கோடுகளும் பதினாறு நெடுக்குக் கோடுகளும் மெல்லிய தாள்களில் அச்சிடப்பட்டிருக்கும். நெசவிற் பாவும் ஊடும் போல அவை ஒன்றையொன்று கடக்கும். கடக்கும் இடந்தோறும் ஒரு விசை. உள்ளே ஒரு சிறு கட்டுப்பாட்டுச் சில்லு ஒவ்வொரு கோடாக மின்னழுத்தம் கொடுத்து, எந்தக் குறுக்கில் மறுமொழி வருகிறது என்று ஒரு நொடிக்குப் பலமுறை விசாரித்துக்கொண்டேயிருக்கும். விசையை அழுத்தினால் இரண்டு கோடுகளும் தொடும். அந்தச் சந்தியே எழுத்து. ஒரு நெடுக்குக் கோடு எங்காவது அறுந்தால் அறுந்த இடத்திற்கு அப்பாலுள்ள விசைகள் யாவும் ஊமையாகும். பக்கத்து விசைகளுக்கு ஒன்றும் நேராது. ஆகவே எவ்வெவ்விசை செத்தது என்பதைவிட எவ்வெவ்விசை கூடிச் செத்தன என்பதே பழுதின் இருப்பிடத்தைச் சொல்லும். பெரியப்பா கேட்ட தாள் ஒரு நாடிப்பரிசோதனை.

அன்றிரவே நாங்கள் ஒழுங்காகத் தேடத் தொடங்கினோம். ஒழுங்கு என்று சொல்லும்போது சின்னம்மாவை நினையாமலிருக்க முடியாது. அவர் முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலைக்குப் பல ஆண்டுகள் சென்றவர். குச்சிகள் நட்டுக் கயிறு கட்டி, சோதித்த நிலத்தையும் சோதியாத நிலத்தையும் பிரித்து, முழந்தாளிட்டு அடியடியாக முன்னேறுவது அவர் தொழில். இங்கேதான் இருக்கும் என்று மனம் சொல்லும் இடத்திற்குத் தாவிச் செல்வதற்கு அத்தொழிலில் இடமில்லை. எங்கள் தேடலை அவர் வேலிக்கப்பாலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

முதலில் மென்பொருள். அயல்வீட்டிலிருந்து ஒரு மாலைக்கு இரவலாகப் பெற்ற யூ.எஸ்.பி. விசைப்பலகையையும் மவுசையும் செருகினோம். புள்ளி விழுந்தது; சுழி விழுந்தது; திரைச்சுட்டி சொன்ன சொல் கேட்டது. ஆகவே எழுத்துருவிலும் பாமினியிலும் குற்றமில்லை. விண்டோசில் விசைகளின் வேகத்தை வடிகட்டும் ஓர் அமைப்புண்டு. வலப்புற மேல்விசையை எட்டு நொடி அழுத்திப் பிடித்தால் அது தானே விழித்துக்கொள்ளும். விசைப்பலகை செத்துவிட்டது என்று கடைக்கு ஓடுவோரிற் சிலர் உண்மையில் அதனிடம் அகப்பட்டவர்களே. அது அணைந்தேயிருந்தது. தொடுபலகையை நிறுத்தும் விசையொன்று மேல்வரிசையில் உண்டு, அதுவும் தடையாயில்லை. கணினியை அணைத்து, மின்னிணைப்பை நீக்கி, ஆளியை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து எஞ்சிய மின்னேற்றத்தை வெளியேற்றிப் பார்த்தோம். மாற்றமில்லை. பின்னர் விண்டோஸ் எழுவதற்கு முன்வரும் அடிப்படை அமைப்புத் திரையிலேயே சோதித்தோம். அங்கும் அந்த நான்கு விசைகளும் ஊமை. நண்பனொருவன் தந்த சிறு தண்டிலிருந்து லினக்சை ஏற்றியபோதும் அவ்வாறே. எந்த இயங்குதளத்திலும் ஒரே நான்கு விசைகள் சாகுமாயின் குற்றம் பருப்பொருளில் உள்ளது. தாய்ப்பலகையோ இரவல் விசைப்பலகையோடு ஒழுங்காக வேலை செய்கிறது. இவ்வளவும் ஓர் ஆணியைக் கழற்றாமல் அறிந்தவை.

தொடுபலகைக்கு வேறு வழக்கு இருந்தது. அது விரலின் அழுத்தத்தை அறிவதில்லை. விரல் அருகே வரும்போது மேற்பரப்பின் கீழுள்ள மின்முனைகளின் கொள்ளளவு சிறிது மாறும், அம்மாற்றத்தையே அளக்கிறது. ஆதலால் ஈரக்கைக்கும் கசிவு மின்னுக்கும் அது எளிதில் மயங்கும். புவித்தொடுப்பில்லாத இரண்டு முனைச் செருகியில் மின்னேற்றினால் உலோக உடலில் மெல்லிய அதிர்வு தோன்றுவதையும் திரைச்சுட்டி துள்ளுவதையும் பலர் கண்டிருப்பர். எங்கள் வீட்டுப் பழைய வட்டத்துளைச் செருகித்துளையில் அதற்கு வாய்ப்பும் இருந்தது. ஆனால் மின்வெட்டின்போது, மின்கலத்தில் மட்டும் ஓடிய இரவுகளிலும் சுட்டி துள்ளியது. ஆகவே அந்தச் சந்தேகம் நீங்கியது. பிற்பகல் வெப்பத்தில் மிகுவது ஏன், பலகை இறுகியது ஏன் என்ற இரண்டு வினாக்கள் எஞ்சின.

விடையைச் சின்னம்மா கண்டார். தேநீர் கொண்டுவந்தவர், கோப்பையை வைக்க இடமில்லாமற் கணினியைச் சற்றுத் தள்ளினார். அது மேசைமேற் சிரட்டை போல ஆடிச் சுழன்றது. தட்டையான பொருள் ஏன் சுழலவேண்டும்? அவர் அதைக் கையிலெடுத்து, விளிம்பை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். அடிமூடியின் நடுப்பகுதி மெல்லப் புடைத்திருந்தது. தொடுபலகையின் ஓரத்தில் ஒரு பிளவு.

“ஆரும் கை வைக்காதையுங்கோ. உள்ளுக்கை ஏதோ ஊதிப்போய்க் கிடக்கு.”

அதன்பின் தலைமை அவர் கைக்குச் சென்றது. கணினி அணைக்கப்பட்டது. மேசை முற்றத்துக்கு வந்தது. ஒரு வாளி உலர்மணல் அருகே வைக்கப்பட்டது. மின்னிணைப்பு இல்லை என்பதை இரண்டு முறை கேட்டு உறுதிசெய்துகொண்டார். கைக்கடிகாரம் திருத்தும் சிறு திருகாணிச் செலுத்தியினால் அடிமூடியைக் கழற்றினார். கழற்றிய ஆணிகளை, அவை இருந்த ஒழுங்கிலேயே ஒரு காகிதத்திற் படம் கீறி அதன்மேல் வைத்தார். உள்ளே, தொடுபலகைக்கு நேர் கீழே, மூன்று வெள்ளிநிறப் பொதிகள் பால்மாப் பைக்கற்றுக்கள் போல உப்பியிருந்தன.

இலிதியம் அயன் மின்கலத்தினுள்ளே ஒரு திரவமின்பகுபொருள் உண்டு. வெப்பமும் நிறைந்த மின்னேற்றமும் நெடுநேரம் சேர்ந்திருந்தால் அது சிதைந்து வாயுவாகும். வாயு வெளியேற வழியில்லாமற் பொதி வீங்கும். தகரக் கூரையின் கீழ், மின்சாரம் எப்போது வரும் என்று காத்திருந்து வந்தவேளையெல்லாம் நிறைய ஏற்றிக்கொண்ட ஆண்டு அது. நாடெங்கும் எத்தனை மடிக்கணினிகள் அவ்வாறு வீங்கினவோ! வீங்கிய பொதி மேலெழுந்து தொடுபலகையை அடியிலிருந்து முட்டியது. முட்டவே அழுத்தமும் அளவையும் குழம்பின. அதே உந்துதல் மேற்சட்டத்தை வளைத்தது. விசைப்பலகையின் தாள்கள் அச்சட்டத்தோடு சேர்ந்து வளைந்தன. இரண்டும் ஒருமிக்கப் பழுதானமைக்குக் காரணம் ஒன்றே என்று கடைக்காரர் ஊகித்தது சரி. அந்த ஒன்று தாய்ப்பலகை என்றதே பிழை.

மின்கலத்தின் இணைப்பியைச் சின்னம்மா முதலிற் கழற்றினார். நல்லவேளையாக அது பசையின்றி ஆணிகளால் மட்டும் பொருத்தப்பட்டிருந்தது. குத்தாமல், வளைக்காமல், இரு கையாலும் தாங்கி எடுத்தார். குழந்தையைத் தொட்டிலிலிருந்து தூக்குவது போல என்று எழுதலாம். அவர் உண்மையில் எதை நினைத்துக்கொண்டு தூக்கினார் என்பது எங்களுக்குத் தெரியும். மணல்வாளியில் வைத்துத் தென்னங்காணியின் தூரத்து மூலையிற் கொண்டுபோய் விட்டுவந்தார். அது பின்னர் மின்கழிவு சேர்ப்போரிடம் சேர்ந்தது.

மின்கலமின்றி மின்னிணைப்பில் மட்டும் கணினியை எழுப்பியபோது தொடுபலகை பழைய பணிவோடு வேலை செய்தது. ‘டிக்’ என்ற ஓசையும் திரும்பிற்று. விசைப்பலகையைத் தாய்ப்பலகையோடு இணைக்கும் நாடாவையும் பார்த்தோம். மெல்லிய தாழ்ப்பாளை நிமிர்த்தி நாடாவை உருவி, அதன் நுனியைத் தூய மதுசாரம் தொட்ட பஞ்சினால் மென்மையாகத் துடைத்து மீண்டும் பூட்டினோம். ஒருபுறம் களப்பும் மறுபுறம் கடலுமாக உப்புக்காற்று அடிக்கும் ஊரில் இணைப்புகள் பூஞ்சுவது வழமை. நான்கு விசைகள் அப்பொழுதும் ஊமையே. தொடுபலகைக்கு மேலே, சட்டம் அதிகம் வளைந்த இடத்தைப் பெரியப்பா விரலால் அமத்தியபோது மட்டும் ஒரு நொடி புள்ளி விழுந்தது; விரலை எடுத்ததும் மறைந்தது. கோடு அறுந்த இடம் அதுவே. இக்காலத்து விசைப்பலகைகள் உருக்கி இறுக்கிய நெகிழி மொட்டுக்களால் மேற்சட்டத்தோடு பிணைக்கப்பட்டிருக்கின்றன. கழற்றினால் மொட்டுக்களை உடைத்தேயாகவேண்டும். மாற்றுப்பலகை அவ்வாண்டு யாழ்ப்பாணத்திற் கிடைக்கவுமில்லை.

அறுந்த கோட்டை ஒட்டமுடியாது. ஆனால் எழுத்தை வேறிடத்திற்கு இடம்பெயர்க்கலாம். அதில் எங்களுக்குப் பயிற்சி உண்டு. மைக்குரோசொவ்ற் நிறுவனம் இலவசமாக வழங்கும் ‘பவர்டோய்ஸ்’ என்னும் மென்பொருளால் ஒரு விசையின் தொழிலை இன்னொன்றுக்கு மாற்றலாம். புள்ளியை வலப்பக்கத்து மேற்கோள் விசைக்கும், இகரக் குறியை அடுத்திருந்த அடைப்புக்குறி விசைக்கும், சுழியைச் சிறுகோட்டு விசைக்கும் குடியேற்றினேன். ஒவ்வொன்றும் ஒருவிரற்கடை வலப்புறம் நகர்ந்தது. அவ்விடத்திலிருந்த ஜகரம் வீடிழந்தது. தனித்தமிழ் அன்பர்கள் மகிழ்வார்களாக.

பெரியப்பா இவ்வேற்பாட்டைக் கண்டு ஒரு செய்தி சொன்னார். தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கு வழிகண்டவர் சுண்டிக்குளியிற் பிறந்து மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த ஆர். முத்தையா என்பதைப் பலர் அறிவர். இருநூற்று நாற்பத்தேழு எழுத்துக்களை ஒரு சிறு பலகையில் அடக்கவேண்டிய இடர்ப்பாட்டை அவர் நகராவிசையினால் தீர்த்தார். மற்றைய விசைகளைத் தட்டினால் எழுத்து விழுந்து வண்டி ஓரிடம் நகரும். நகராவிசையைத் தட்டினால் குறி மட்டும் விழும், வண்டி அப்படியே நிற்கும். அடுத்துத் தட்டும் எழுத்து அக்குறியின் கீழே வந்து பொருந்தும். பொறியாளர் அதனை ஆங்கிலத்தில் ‘டெட் கீ’, அதாவது செத்த விசை, என்பர். இகரக் குறியும் புள்ளியும் அவ்வாறு அமைந்தவை. “உந்த ரெண்டும் அந்தக் காலத்திலையே செத்த விசை தான்” என்று பெரியப்பா சிரித்தார். இரும்புப் பொறியில் இறந்தபடியே வேலை செய்த விசைகள் எங்கள் மடிக்கணினியில் இறந்து வேலை நிறுத்தின.

இதுவரை சொன்னது பொறியின் கதை. ஏடு என்னிடம் எஞ்சியிருந்தது.

விசைகள் செத்திருந்த வாரங்களில் அம்மம்மா சொல்வதை நிறுத்தவில்லை. நானும் எழுதுவதை நிறுத்தவில்லை. புள்ளியின்றி, இகரமின்றி எழுதினேன். மறுநாட் காலையில் அவருக்கு வாசித்துக் காட்டி, திருத்தங்களைப் பென்சிலாற் குறித்துக்கொள்வேன். அப்படி வாசிப்பதில் எனக்கு விரைவிலே பழக்கம் உண்டாயிற்று. ‘பனஙகாண’ என்பதைக் கண் பனங்காணி என்றே காணும். ‘புளயடிவளவு’ என்பதைப் புளியடிவளவு என்று வாசிக்க ஒருவரும் சொல்லித்தரவேண்டியதில்லை. ஏடெழுதியோர் படிப்பவனை நம்பியதற்கு நியாயம் இருந்தது என்று அப்போது உணர்ந்தேன். மொழியும் ஊரும் உயிரோடிருக்குமட்டும் புள்ளியில்லாத ஏடு முழுமையான ஏடே.

ஆடி மாதத்தின் நடுப்பகுதியில் ஓரிரவு அவர் வேம்பொடுகேணியின் கிழக்குப் பக்கத்தை, நெடுநாள் எவரும் கால்வையாத அந்தத் துண்டுகளை, ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லி முடித்தார். பத்தொன்பது பெயர்கள். மறுநாட் காலையில் அவருக்கு நெஞ்சு நோவு கண்டது. கிளிநொச்சிக்குக் கொண்டுசென்றோம். நான்காம் நாள் வீட்டுக்கு உடலாகத் திரும்பினார். அந்தப் பக்கம் மட்டும் வாசித்துக் காட்டப்படவில்லை.

எட்டுச்சடங்கு முடிந்து, மின்கலம் நீங்கிப் புள்ளி புதுவிடத்திற் குடியேறிய பின்னர், அப்பக்கத்தைத் திறந்து புள்ளியிடத் தொடங்கினேன். பதினெட்டுப் பெயர்கள் எளிதில் திரும்பின. பத்தொன்பதாவது, ‘கரவளவு’ என்று இருந்தது.

பெரியப்பா அது கீரிவளவு என்கிறார். பனை வடலிகள் அடர்ந்த இடமாதலாற் கீரிகள் அங்கு மிகுதி என்பது அவர் காரணம். இகரத்தோடு ஈகாரமும் அதே விசையில் இருந்தமையால் கீரி ‘கர’ ஆகக் குறுகியிருக்கலாம் என்பதும் உண்மையே. சின்னம்மாவோ கரிவளவு என்கிறார். சிரட்டைக்கரி சுட்ட குழியொன்று தமது சிறுவயதில் அப்பக்கம் இருந்ததாக அவருக்கு நினைவு. இவ்விரண்டையும் கேட்ட எங்கள் விரிவுரையாளரொருவர், கரி என்பது யானையையுங் குறிக்குமாதலின், ஆனையிறவுக்கு இவ்வளவு அணித்தான ஊரில் அதனையும் ஒதுக்கலாகாது என்றார். பெயரில் மறைந்த எழுத்தேதும் இல்லாமல், வேளாளன் எவனோ கரவாக வளைத்த வளவு, கரவளவு என்றே இருந்திருக்கவுங் கூடும். இந்த நான்காவது வாசிப்பு என்னுடையது. அதை நானே அவ்வளவாக நம்பவில்லை.

ஆய்வேட்டில் அச்சொல்லைப் புள்ளியிடாமல், விழுந்தபடியே பதித்து, கீழே பாடபேதங்களாக நான்கையும் கொடுத்திருக்கிறேன். அக்காணியின் தெற்கெல்லைக்காரர் குடும்பம் 1990களிலேயே கனடாவுக்குச் சென்றுவிட்டது. அவ்வீட்டு மூதாட்டி இப்பொழுதும் ஸ்காபறோவில் இருக்கிறாராம். தொண்ணூறு வயதைக் கடந்தவர். அவருடைய மகனோடு தொலைபேசியிற் பேசினேன். தாயார் பிற்பகலில் நித்திரை கொள்வாரென்றும், தெளிவாக இருக்கும் ஒரு காலையிற் கேட்டுச் சொல்வதாகவும் கூறியிருக்கிறார்.